ஐந்து பேருக்கு ஆறு

என் மகள் சுசீலாவுக்கு மூன்றரை வயதாகியும் முதல் மொட்டை போடவில்லை. முடி பாதி முதுகுவரை வளர்ந்து கிடந்தது. எங்கள் ஊரான பெரார்கஞ்சின் மழையில் அது உலரவே உலராது. பேனும் ஈரும் போதாதென்று அந்த ஆடியில் பிடரியில் சிரங்கும் வந்துவிட்டது. எல்லாம் என் மாமனார் கண்ணையாவால் வந்த வினை. முதல் முடி குலசாமிக்குத்தான் என்பார். எந்தச் சாமி என்று கேட்டால் தெரியாது. எந்த ஊர் என்றால் அதுவும் தெரியாது. பேர் தெரியாத சாமிக்காக என் பிள்ளை நாளெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

மாமாவின் அப்பா பக்கிரிசாமி கைதியாகக் கப்பலேறி வந்தவர். என்ன செய்துவிட்டு வந்தார் என்று இந்தத் தீவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அது இங்கே ஒரு மரியாதை. தண்டனை முடிந்து, நிலம் வாங்கி, இங்கேயே பிறந்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, நெல் விளைத்து, பேச்சே இல்லாமல் வாழ்ந்து போனாராம். ஊர்ப்பேரைக்கூட மகனிடம் சொல்லவில்லை. ஆபீசில் விசாரித்தால், பழைய காகிதமெல்லாம் ஜப்பான்காரன் இருந்த காலத்தோடு போயிற்று என்றார்கள்.

அவரிடமிருந்து மிஞ்சியது ஒரே ஒரு வழக்கம்தான். கல்யாணமாகி வந்த அன்று மாலையே அதைப் பார்த்தேன். விளக்கு ஏற்றியதும் மாமியார் புஷ்பம் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, வாசற்படி ஓரமாகக் குந்தச் சொன்னார். இரண்டிரண்டு பேராக, வெளியே பார்த்தபடி குந்த வேண்டும். தட்டு முன்னால் கவிழ்ந்திருக்க வேண்டும். மாமா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். தன் நெஞ்சைத் தொட்டு “நாலு” என்றார். பிறகு வலக்கையைத் தாழ்த்தி, ஒன்றுமே இல்லாத இடத்தில் சற்று நிறுத்தி, “அஞ்சு” என்றார். “சரி” என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்தோம், சோறு போட்டார்கள்.

“கடைசி ஒண்ணு எங்க குலசாமி. அந்தியில நம்மகூட சாப்பிட வருதாம்” என்றார் என் கணவர் முத்துமணி.

என் அப்பா மெயின்லேண்டிலிருந்து காட்டிலாகா வேலைக்கு வந்தவர். எங்கள் சாமிக்கு ஊர், பேர், குதிரை எல்லாம் உண்டு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “உங்க சாமி ரொம்பக் குள்ளமோ?” என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் கணவர் என்னோடு பேசவில்லை.

மாமா அந்த வழக்கத்தை வைத்துத்தான் ஊரைத் தேடினார். மெட்ராஸ் கப்பல் வருகிற நாளெல்லாம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கப்பல் வந்து அணைகிற சாத்தம் ஜெட்டியில் போய் நிற்பார். இறங்குகிறவர்களில் தமிழ் முகமாகப் பார்த்து, “ஐயா, உங்க பக்கத்துல அந்தி நேரம் தட்டைக் கவுத்து, ஜோடி ஜோடியா வாசப்பக்கம் குந்துற வழக்கம் உண்டா?” என்று கேட்பார். கப்பலில் நாலு நாள் வாந்தியெடுத்துவிட்டு இறங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது! “தட்டைக் கவுத்தா சோத்தை எங்கய்யா போடுறது?” என்று ஒருவன் கேட்டானாம். வீட்டுக்கு வந்து அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிடும். ஒருநாள் யாரோ இறக்கிப்போட்ட மூட்டையில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டி எடுத்து வந்து, ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், கடலுக்கு அந்தப்பக்கம் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. அன்று எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆனால் சிரங்கைப் பார்த்தபோது திரும்பி வந்துவிட்டது.

“இந்த வெள்ளிக்கிழமை அபர்தீன் பஜார்ல சலூனுக்குக் கூட்டிட்டுப் போய் வழிச்சிரப் போறேன்” என்றேன்.

“இன்னும் ஒரே ஒரு கப்பல், சந்திரா. வெள்ளிக்கிழமை வருது. அதுலயும் இல்லேன்னா உன் இஷ்டம், அவ்வளவுதான்” என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை மாமா, நான், பிள்ளை மூன்று பேருமாகப் போனோம். கப்பல் வந்தது, கேட்டார், இல்லை. பஜாருக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்துல் கனி பாயின் மளிகைக் கடையில் ஒதுங்கினோம். எண்பது வயதுக்காரர் அவர். மகன்கள் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளையைப் பார்த்ததும் பீங்கான் தட்டில் ஒரு பன் வைத்துக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடையில் விளக்கை ஏற்றினார்கள். சுசீலா பன்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தட்டைக் கவிழ்த்தாள். தெருவைப் பார்த்துக் குந்தினாள். “அம்மா, தாத்தா, உக்காருங்க” என்றாள். அத்தனை பேர் முன்னால் எனக்கு மானம் போயிற்று. மாமா மறுபேச்சில்லாமல் அவள் பக்கத்தில் குந்தினார், பின்னால் நானும் குந்தினேன். பிள்ளை எழுந்து எங்கள் தலையைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, கையைத் தாழ்த்தி எண்ணி முடித்தாள். மூன்று பேருக்கு நான்கு.

கனி பாய் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “யா அல்லா! கண்ணையா பாய், இந்தக் கின்தியை இந்தப் பச்சப்புள்ளைக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

மாமா துள்ளி எழுந்தார். “பாய், உங்களுக்கு இது தெரியுமா? எந்த ஊரு? எந்தப் பக்கம்?”

“ஊரா? நான் இருவது வயசுல ஜெயில் பாரக்குல வார்டரா இருந்தேன்ல. சாயங்காலம் கைதிகளை அடைக்கிறதுக்கு முந்தி தலை எண்ணுவோம், அதான் கின்தி. ஜோடி ஜோடியாக் குந்தணும், தட்டைக் கவுத்து வைக்கணும். உள்ள பீடி கீடி ஒளிச்சிருந்தா விழுந்துரும். ‘டீக் ஹை’, சரின்னு சொன்னப்புறம்தான் எந்திரிக்கலாம். உங்க வாப்பாவும் அப்படி எத்தனை வருஷம் குந்துனாரோ!”

இத்தனை வருஷமாகச் சாமி என்று மாமா செய்துவந்தது ஜெயில் வேலை. ஏழு வருஷமாகக் கேலி செய்த எனக்கு அன்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அப்போ சாமி இல்லையா, பாய்?” என்று கேட்டார், சின்னப் பிள்ளை கேட்பதுபோல்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். “அந்தக் கடைசி ஒண்ணு? இல்லாத ஆளை எண்ணுறது? அதுவும் உங்க கின்தியிலே உண்டா பாய்?”

“அது எப்படிம்மா? நூறு பேர்ல ஒரு தலை கூடினாலும் குறைஞ்சாலும் வார்டர் தொலைஞ்சான். சரியா வர்ற வரைக்கும் ராத்திரி பூரா எண்ண விடுவாங்க. இல்லாத தலையை எங்கள்ல எவனும் எண்ண மாட்டான். அது உங்க ஆளோடது.”

மாமா தன் வலக்கையைப் பார்த்தார். அப்பா செய்தது போலவே அதைத் தாழ்த்தி நிறுத்தினார். கை நின்ற இடத்தில், மறுபடி குந்திப் பன் தின்றுகொண்டிருந்த சுசீலாவின் தலை இருந்தது. சரியாக அதே உயரம். முடியின்மேல் கை அசையாமல் கிடந்தது. பிள்ளை நிமிர்ந்து, “நாலு” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். “அப்பா விட்டுட்டு வந்தது அண்ணனா அக்காவான்னுகூடத் தெரியலையே, சந்திரா.”

மறுநாள் காலை பிள்ளைக்கு மொட்டை போட்டோம். மாமாவே ஆளைக் கூட்டிவந்தார். எந்தச் சாமிக்கு என்று மாமியார் கேட்டதற்கு, “வீட்டுல மூத்த பிள்ளைக்கு” என்றார். முடியை மஞ்சள் துணியில் முடிந்து விளக்கு மாடத்தில் வைத்தார். அன்று மாலை விளக்கு ஏற்றியும் அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஜெயில் வழக்கத்தை இனி எதற்குச் செய்வது என்ற வெட்கம். நான் போய் வாசலில் குந்தித் தட்டைக் கவிழ்த்தேன். “எண்ணுங்க மாமா, அது பசியோட நிக்குது” என்றேன். வந்து எண்ணினார். ஆறு என்று சொல்ல மட்டும் குரல் வரவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

இனி ஜெட்டிக்குப் போக மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த கப்பலுக்கும் சலவைச் சட்டை போட்டார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். இளவட்டங்களை விட்டுவிட்டார். எழுபது வயதுக்கு மேலே யாராவது படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினால் மட்டும் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு, முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க சின்னப் பிள்ளையா இருக்கறப்ப, உங்க அப்பா எங்க போனாங்க?”