போன வாரத்து விலை

பெட்டிக்குள் அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்துவிட்டது. ஆரோக்கியம் குனிந்து மறுபடி முடிச்சுப் போட்டாள். மூன்று மாதமாக வீட்டையே உலுக்கிய இருமல் இப்போது இல்லை. தூங்குகிற முகமாகத்தான் இருந்தது. அம்மா அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள்.

“தள்ளிக்க தாயி,” என்றார் முத்திருளன், மூடியைத் தூக்கியபடி. அடுத்த வீட்டுக்காரர், மில் தொழிலாளி. அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. ஆணி அடிக்கும் முன் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். “வாத்தியாரு போயிட்டாரு. இனி நம்ம புள்ளிய யாரு எழுதுறது? புதுசா வாரவன் கடைக்காரன் சொல்றத எழுதிட்டுப் போவான். நம்ம பஞ்சப்படி தரையில படுத்துரும்.”

“அந்த மனுசன் பெட்டிக்குள்ள இருந்தே எழுதுவாருண்ணே,” என்றான் ஒருவன். லேசான சிரிப்பு எழுந்து அடங்கியது.

பதினைந்து வயது ஆரோக்கியம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

லாசர் வாத்தியார் மிஷன் பள்ளியில் பாடம் சொன்ன நேரம் போக, வெள்ளிதோறும் சர்க்காருக்காக நாலு கடைகளில் விலை எழுதுவார். அரிசி, பருப்பு, விறகு, வேட்டி. எப்போதும் அதே கடை, அதே சரக்கு, அதே படி. அவற்றை உலகச் சண்டைக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டு ஆபீசில் மாதம் ஓர் எண் போடுவார்கள். தெருவில் அதற்குப் பெயர் புள்ளி. புள்ளி ஏறினால் மில்லில் பஞ்சப்படி ஏறும்.

போன வெள்ளி எழுந்திருக்க முடியாமல் அவளை அனுப்பினார். சிவனாண்டி கடையில் ரங்கூன் அரிசி இல்லை. சண்டையில் கப்பல் நின்றுவிட்டது. “இல்லேனு எழுதுனா ஆபீசுல உங்கப்பனத்தான் கேப்பாக,” என்றார் சிவனாண்டி. “போன வாரத்து வெலையவே போட்டுக்க.” படி மூணே முக்கால் அணா. போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஜனங்கள் வேறு அரிசியை அஞ்சணாவுக்கு வாங்கித் தின்கிறார்கள். தாளில் எதுவுமே ஏறவில்லை. முத்திருளன் மாமா வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவருக்கு இருமல் வந்தது. இன்று வியாழன் விடியற்காலையில் அதுவும் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வாசலில் ஆபீஸ் குமாஸ்தா கிறிஸ்துராஜ் நின்றிருந்தார். திருமங்கலத்துக்கு விலை எடுக்கப் போனவருக்கு அங்கேதான் சாவுத் தாக்கல் கிடைத்ததாம். அவர் கையில் அந்த வெள்ளிக்கிழமைத் தாள். அதில் அவள் கையெழுத்து.

அவர் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள். “நாந்தாண்ணே எழுதுனேன். அப்பா இல்ல. அரிசி இல்ல அங்க. போன வாரத்து வெலையப் போட்டுட்டேன். அப்பா பேர்ல எதுவும் எழுதிராதீக.”

“தெரியும் பாப்பா.”

சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். எழுத்து அப்பாவுடையது. வரிகள் கோணிக் கோணி இறங்கியிருந்தன.

‘ரங்கூன் அரிசி விலையைத் தள்ளிவிடவும். கடையில் சரக்கு இல்லை. ஜனங்கள் இப்போது வாங்கும் அரிசியை விசாரித்துப் போடவும். சரக்கு இல்லாதபோது என்ன எழுதுவது என்று பெண்ணுக்குச் சொல்லித்தராதது என் பிழை.’

“திங்கக்கெழம வந்துச்சு. மறுநாளே கடைகடையா அலைஞ்சு மாத்திட்டேன். மாசப் புள்ளி நாளைக்குத்தான் போடுறோம்.”

“கொறைஞ்சிராதே?”

“ஏறும்.”

அவள் கார்டை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

முத்திருளன் மனைவி சின்னத்தாய் சோற்றுச் சட்டியோடு வந்தாள். சாவு வீட்டில் அன்று அடுப்பு மூட்டக் கூடாது. கார்டைப் பார்த்ததும் நின்றாள்.

“இத நாந்தான தபால்ல போட்டேன். நீ எழுதுன தாளப் பாத்துட்டு, ‘எனக்குச் சோளக் கஞ்சிதான வருது, ரங்கூன் அரிசி கெடைக்கலையா’னு எங்கிட்ட விசாரிச்சாரு.”

“எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலயே அத்தே.”

“நானும் சொன்னேன், பிள்ளயக் கூப்புட்டுக் கேளுங்கனு. அவளே வந்து சொல்லுவா, அப்ப சிரிச்சுக்கிறேன்னாரு.”

கிறிஸ்துராஜ் தாளை நாலாக மடித்தார். கார்டை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

சின்னத்தாய் உள்ளே அம்மாவுக்கு ஒரு தட்டு கொடுத்துவிட்டு, இவளுக்கும் வைத்தாள். சோளச்சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. ஆரோக்கியம் ஒரு வாய் வைத்தாள். பிறகு தலை நிமிராமல், வேகவேகமாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானது.

“இன்னுங் கொஞ்சம் வைங்கத்தே.”

சின்னத்தாய் சட்டியைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் கரண்டியால் வழித்து வைத்தாள்.