பதினோரு குறிப்புகளை அழித்தவள்

அவள் வாஷிங் மெஷின் மெக்கானிக்; வலைப்பூ விஷயத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவள். எந்த மெஷினில் எந்தப் பழுது வரும், எதைக் கழற்றினால் எது உடையும் என்று மூன்று வருடம் இணையத்தில் படத்தோடு எழுதிவந்தாள். இடம் கொடுத்திருந்த இலவசத் தளம் சொல்லாமல் கொள்ளாமல் கடையைச் சாத்தியது. நூற்று நாற்பது குறிப்புகள் அதோடு போயின. முகம் தெரியாத மெக்கானிக்குகள் இன்னும் போன் செய்து, "அந்த பேரிங் படம் இருக்கா அக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

புதிதாகத் தொடங்கும் வலைப்பூ யார் கடையைச் சாத்தினாலும் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

போன் கடை வைத்திருக்கும் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, இந்தத் தளத்தைப் பாருங்க. காசே வேணாம். எவ்வளவு அழகு!"

"அழகு சரி. இதுலேர்ந்து எப்படி வெளியே வர்றது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே டைவர்ஸ் பத்திக் கேக்கிற ஒரே ஆள் நீங்கதான்."

"அன்னிக்குக் கேட்டிருந்தா உன் அண்ணனைக் கட்டியிருப்பேனா?"

உள்ளறையில் கணவன் இருமினான்.

பழுது பார்த்த மெஷின் ஓடுகிறது என்பதற்காக அவள் அதை ஒப்படைத்துவிட மாட்டாள். ஓட்டத்தின் நடுவில் பிளக்கைப் பிடுங்குவாள். திரும்பச் செருகினால் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். தளங்களுக்கும் அதே சோதனைதான். நினைவிலிருந்து எழுதிய பதினோரு குறிப்புகளை ஏற்கெனவே இரண்டு தளங்களில் ஏற்றியிருந்தாள்; கொழுந்தன் காட்டியதிலும் ஏற்றினாள். அந்த அழகுத் தளம், திரும்ப இறக்கிப் பார்த்தால் எழுத்தை மட்டும் தந்தது. படம் ஒன்றுகூட வரவில்லை. படமில்லாத பழுதுக் குறிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டாவது, தனிக் கட்டணம் கட்டினால்தான் மூட்டை கட்ட விடுவேன் என்றது. இரண்டையும் துடைத்துப் போட்டாள்.

மூன்றாவது பார்க்க அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. சோதனைக் காலம் முடிந்தால் வருடக் கட்டணம் வேறு. ஆனால் இணைய முகவரி அவளுடைய சொந்தம்; எந்தத் தளத்துக்குப் போனாலும் கூடவே வரும். எல்லாம் ஒரே கோப்பாக அவள் கணினிக்கு இறங்கியது. இறங்கியதும் தளத்தில் இருந்த அத்தனையையும் அழித்தாள்.

கொழுந்தன் துள்ளி எழுந்தான். "அண்ணி! ஒரு மாச வேலை! பதினொண்ணும் போச்சு!"

"போகட்டும்னுதானே அழுத்தினேன். கத்தாதே."

வேறொரு கம்பெனியில் சோதனைக்கு இடம் வாங்கி, கோப்பை அங்கே ஏற்றினாள். கொழுந்தன் நகத்தைக் கடித்தான். பத்துக் குறிப்புகள் படத்தோடு முழுசாக எழுந்து நின்றன. பதினொன்றாவதில் மட்டும் படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"பாத்தீங்களா, சொன்னேன்ல?"

"தளம் முழுங்கலை. படத்தை ஏத்தாம, இன்னொருத்தர் பக்கத்துல இருந்ததுக்கு இணைப்பு மட்டும் குடுத்திருக்கேன். அவர் எடுத்துட்டாரு. தப்பு என்னோடது." போனிலிருந்த படத்தை எடுத்து ஒழுங்காக ஏற்றினாள். பிறகு, அந்தச் சுற்றறிக்கைத் தளத்துக்கே ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டி, பதினொன்றையும் திரும்ப ஏற்றினாள்.

"லைக் பட்டன்கூட இல்லையே அண்ணி. யாரு வருவா?"

"தண்ணி ஒழுகுற மெஷினுக்கு முன்னாடி முழிச்சிட்டு நிக்கிறவன் வருவான்."

அவள் பன்னிரண்டாவது குறிப்பின் முதல் வரியை அடித்தாள்: பின்மூடியில் ஆறு ஸ்க்ரூ தெரியும், ஏழாவது ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும்.