ஏழு வருஷத்துப் பச்சை உடம்புக்காரி

இந்தக் காலத்து ஜனங்கள் தெருநாய்க்கு இரண்டு பிஸ்கட்டை வீசிவிட்டு, ஊருக்கே சோறு போட்ட மாதிரி கையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். குட்டி போட்ட நாய்க்கு எப்படிப் பசிக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? புதுப்பட்டினம் கடைத்தெரு மாவு மில் அப்பாசாமிக்குத் தெரியும். அவர் மில்லுக்குப் பின்னால், தவிட்டு மூட்டைச் சந்தில், 1994 ஆனி மாதம் நான்கு குட்டி போட்ட செவலை நாய் 2001 ஆனி வரைக்கும் பால் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஏழு வருஷமும் குட்டிகள் கண் திறக்கவில்லை. உள்ளங்கை அளவைத் தாண்டி வளரவும் இல்லை.

அந்த நாய் குட்டி போட்ட வாரம்தான் அவருடைய ஒரே மகள் பூங்கொடி செங்கல்பட்டில் தலைப்பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு ஆட்டோவில் வந்து மில் வாசலில் இறங்கினாள். அப்பனைக் கேட்காமல், சதுரங்கப்பட்டினத்துப் படகு இஞ்சின் மெக்கானிக் தாவீதைக் கட்டிக்கொண்டவள். என்ன கோபம் இருந்தாலும் பிள்ளை பெற்றவளைத் தாய் வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்ற முறையை நம்பி வந்தாள். "நைனா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்பாசாமி திரும்பாமல் மோட்டார் சுவிட்சைப் போட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டாளா என்பது அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. பின்கட்டில் இருந்த அவர் மனைவி வேண்டா ஈரக்கையோடு ஓடி வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது.

வேண்டா மகளுக்காகப் பால்சுறாவை அவித்து, முள் எடுத்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று கொடுப்பது. அதைக் கொண்டுபோய் நாயின் முன்னால் வைத்தாள். அன்றைக்குத் தின்ற நாய் அதற்குப் பிறகு எலும்பையும் பழைய சோற்றையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, சுக்குப் பொடி போட்ட சுடுசோறு, இப்படிப் பத்தியச் சாப்பாடுதான். அதையும் மறுநாளிலிருந்து வேண்டா வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்பாசாமி கையால் வைத்தால் தின்றது. அவர் தடியை எடுத்துப் பார்த்தார், அசையவில்லை. தாயையும் குட்டிகளையும் சாக்கில் கட்டிப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். மில்லைத் திறந்தால் அதே சந்தில் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. மாட்டு டாக்டர் வந்து நான்கு குட்டிகளின் வயிற்றையும் அமுக்கிப் பார்த்து, எல்லாம் ஆரோக்கியமாக இருக்கின்றன, சாப்பாட்டை நிறுத்தவேண்டாம் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு மாதம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவரவர் பேப்பரைப் படிக்கப் போய்விட்டார்கள்.

பழகாதது அப்பாசாமிக்கு மட்டும்தான். மீன்காரி அம்சா தினமும் கூடையை இறக்கி, மாவு அரைக்க நிற்கும் பெண்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிக் கேட்பாள். "இன்னா அண்ணாத்த, பச்ச ஒடம்புக்காரி எப்டி கீறா? பால் நல்லா ஊறுதா?"

வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொல்வாள். "எந்தப் பச்ச ஒடம்புக்காரின்னு தெளிவா கேளுக்கா."

அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சுறாவை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். சதுரங்கப்பட்டினத்தில் பேத்தி நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடம் போனாள், முன்பல் விழுந்தது என்பதெல்லாம் அம்சா சொல்லித்தான் அவர் காதுக்கு வந்தது. கேட்காதவர் போல மாவைச் சலித்துக்கொண்டிருப்பார்.

2001 ஆனியில் ஒருநாள் நாய் அவர் கையால் வைத்ததையும் தின்னவில்லை. மத்தியானத்துக்குள் மடி வற்றிவிட்டது. நான்கு குட்டிகளும் கத்திய கத்தலில் எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். நாய் தொடாத அந்தப் புட்டை வேண்டா அள்ளவில்லை; புதிதாகச் செய்து ஒரு தூக்குச்சட்டி நிறையப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"எடுத்துகினு போயி பொண்ணுக்கு வையி."

"ஏழு வருசம் கழிச்சா?"

"நாய்க்கு ஏழு வருசமா பச்ச ஒடம்புன்னு ஆக்கிப் போட்ட இல்ல? பெத்த பொண்ணுக்கு மட்டும் ஒடம்பு ஆறிட்ச்சாயா?"

சதுரங்கப்பட்டினத்துக்கு நடந்தே போனார். பூங்கொடி வாசலில் நின்று தூக்கைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

"இன்னா இது?"

"பால்சுறா."

"எனக்குப் பால் நின்னு அஞ்சு வருசம் ஆவுது நைனா."

அவர் தூக்கை நீட்டியபடியே நின்றார்.

"அன்னிக்கு மோட்டாரு போட்டியே. இன்னா அரச்ச?"

அரிசி என்று சொல்லியிருக்கலாம். கேழ்வரகு என்றாலும் அவளால் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது.

"ஒண்ணும் அரைக்கல. சும்மா ஓட்னேன்."

"சும்மா ஓட்னா கல்லு தேஞ்சிபூடும்னு நீதான சொல்லுவ."

பூங்கொடி தூக்கை வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, நடுவில் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரு துகள் விடாமல் தின்று முடித்தாள். தூக்கைக் கழுவ உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வந்து மூடிக் கொடுத்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, போய்விட்டு வா என்றும் சொல்லவில்லை. தூக்குக்குள் என்னவோ உருண்டது. பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக்கூடாது என்பதற்காகப் போட்டாளா, அவருக்கென்றே போட்டாளா, தெரியவில்லை.

புதுப்பட்டினம் எல்லையில் அம்சா காலிக் கூடையோடு எதிரே வந்தாள்.

"அண்ணாத்த, குட்டிங்க கண்ண தொறந்துட்ச்சிங்க! நாலும் தாயி பின்னாடியே மார்க்கெட்டாண்ட போய்கினு கீதுங்க."

"கண்ண தொறந்தா இன்னா?" என்றார் அப்பாசாமி. "அவ வாய தொறந்து வான்னு சொல்லலையே."

கடைத்தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கண் என்று இருந்தால் ஒருநாள் திறக்கத்தான் திறக்கும் என்று வியாபாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து நாய்களும் எதிரே வந்தபோது அப்பாசாமி ரோட்டோரம் ஒதுங்கி வழி விட்டார். பிறகு, உருள்வது கல்லாகக்கூட இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தூக்கைத் திறந்து பார்க்காமலே நடந்தார்.