கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும்

என் அப்பா ஹார்லன் நில அளவையாளர். எந்த வேலி யாருடைய நிலத்தில் எத்தனை அங்குலம் நுழைந்திருக்கிறது என்று அளந்து சொல்லி, இரண்டு பக்கத்தாரின் வெறுப்பையும் சரிசமமாகச் சம்பாதித்தவர். அவரிடம் ஒரு பிக்கப் வண்டியும், அதன் முதுகில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கேம்பரும் உண்டு. ஓடும்போது அது தாழ்ந்த அலுமினியப் பெட்டி. நிறுத்தி, ஆறு கொக்கிகளைக் கழற்றி, உள்ளேயிருந்து தோள் கொடுத்துத் தூக்கினால் கூரை மேலே எழும்பும், மடிந்திருந்த துணிச் சுவர் சுற்றிலும் விரியும், பெட்டி வீடாகிவிடும். கூரை ஏறியதும் அப்பா இறங்கி நாலடி பின்னால் போய், இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். நான் பிறந்த அன்று எடுத்த புகைப்படத்தில் அவர் முகத்தில் அந்தப் பெருமிதம் இல்லை. எடுத்துப் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன்.

அம்மா ட்வைலாவுக்கு அந்தக் கூரைமேல் பக்தி கிடையாது. காற்றடித்தால் சுவர் படபடவென்று அடித்துக்கொள்ளும். கழிப்பறை என்று அப்பா சொல்வது, இருக்கைக்கு அடியிலிருந்து இழுக்கும் ஒரு டப்பா. இந்த நேரம் பார்த்து அம்மாவின் அண்ணன் ரஸ் மாமா, தன் நாற்பதடி நீள மோட்டார் வீட்டை விற்றுவிட்டு இன்னும் பெரியதாக ஒன்று வாங்கப்போவதாக அறிவித்தார். இருப்பதில் சோஃபா உண்டு, கணப்பு உண்டு, உள்ளே ஒரு டிவி, வெளியே ஒரு டிவி. இன்னும் பெரியது எதற்கு என்று கேட்டேன். துணி துவைக்கிற மெஷினும் காய வைக்கிற மெஷினும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறதாம்; பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமாம்.

"பழசை நாம வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா, ஜூன் மாதம் ஒருநாள், உருளைக்கிழங்கு உரித்தபடி.

"அந்த பஸ்ஸையா? அது மண் ரோட்டுல ஏறுமா?"

"எனக்கு மண் ரோட்டுல என்ன வேலை, ஹார்லன்?"

கடைசியில் அம்மாவே ஒரு நிபந்தனை வைத்தாள். ஜூலையில் அவள் வீட்டு ஆட்கள் எல்லாரும் வருடாவருடம் கூடுவது வழக்கம். இந்த முறை வயோமிங்கில், மாமா தேர்ந்தெடுத்த ஒரு ஆற்றங்கரை முகாம்.

"அங்க நம்ம வண்டியிலேயே ரெண்டு நாள் இருக்கணும். என் அண்ணன் வண்டியில ஒதுங்கக் கூடாது. இருந்து காட்டிட்டா உன் பெட்டி உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா அந்த பஸ்ஸு."

"ரெண்டு நாள் என்ன, ரெண்டு மாசம் இருந்து காட்டறேன்" என்றார் அப்பா. அன்று ராத்திரியே முகாமுக்குப் பதிவு செய்துவிட்டார்.

முகாமின் வாசலில் ஒரு பலகை இருந்தது. அம்மா அதைச் சத்தமாக வாசித்தாள். "கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும். கூடாரமோ துணிச் சுவரோ அனுமதியில்லை. கரடிகள் நடமாடும் இடம்."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"புக் பண்ணும்போது இதைக் கேக்கலையா, ஹார்லன்?"

"கேட்டிருந்துச்சு."

"நீ என்ன போட்ட?"

"கெட்டிச் சுவர்னு போட்டேன்."

"எதை வச்சு?"

"மொத்தச் சுவர்ல அறுபத்தெட்டு சதவீதம் அலுமினியம், ட்வைலா. டேப் வச்சு அளந்துட்டுத்தான் போட்டேன்."

"மெஜாரிட்டிப்பா" என்றேன் நான் பின்சீட்டிலிருந்து. "கரடி ஓட்டு எண்ணிப் பாத்துட்டுத்தான் உள்ள வரும்."

"நீ வாயை மூடு, வெஸ்" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். அன்றைய தினத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் கோரா என்ற பெண்மணி பேட்டரி வண்டியில் வந்து சேர்ந்தார். எழுபது வயது, கழுத்தில் விசில், கையில் முகாம் விதிகள் எழுதிய அட்டை. முப்பத்தைந்து வருடம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவராம். பார்வையிலேயே தெரிந்தது. எங்கள் கேம்பரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது துணி வண்டி."

"துணி உள்ள மடிஞ்சு கெடக்குதுங்க. வெளிய பாருங்க, முழுக்க அலுமினியம்" என்றார் அப்பா.

"கூரையைத் தூக்கினா?"

அப்பா ஒரு கணம் யோசித்தார். பதினொரு வருடப் பெருமிதம் அவர் முகத்தில் ஒருமுறை வந்து போனது. "தூக்கினாத்தானேங்க?"

கோரா அட்டையைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். மடக்கிவைத்த வண்டிக்குள் மனிதர்கள் குடியிருக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எழுதியவருக்கு அப்படியொரு ஆசை யாருக்காவது வரும் என்று தோன்றியிருக்காது.

"சரி, இருங்க. ஆனா ஒரு அங்குலம் தூக்கினாலும் நான் வந்து நிப்பேன். ஒரு அங்குலம்."

"அரை அங்குலம்?" என்றார் அப்பா. தொழில் பழக்கம்.

கோரா விசிலைத் தொட்டார். அப்பா வண்டியைக் கிளப்பினார்.

கூரை இறங்கிய கேம்பருக்குள் தரைக்கும் கூரைக்கும் நடுவே உயரம் ஐந்தடி. அப்பா ஆறடி இரண்டு அங்குலம். நான் ஆறடி ஒன்று. கதவைத் திறந்து அப்பா முதலில் நுழைந்தார். இடுப்பில் மடிந்து, கழுத்தில் இன்னொரு மடிப்பு விழுந்து, ஒரு கேள்விக்குறியைப் போல நின்றார். அவருக்குப் பின்னால் நான் இன்னொரு கேள்விக்குறி.

"தாராளமா இருக்கு" என்றார் அப்பா, தன் முழங்காலைப் பார்த்து.

படுக்கை, ஓட்டுநர் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில். கூரை இறங்கியதும் அங்கே மிஞ்சும் இடைவெளி ஒன்றரை அடி. கடிதத்தை உறைக்குள் செருகுகிற மாதிரி அப்பா தன்னை உள்ளே செருகிக்கொண்டார். மூக்குக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு. புரளத்தான் முடியாது."

"பழகிக்கப்பா. கடைசிக் காலத்துல உதவும்."

"வெஸ், என் காலைப் புடிச்சு இழு. வெளிய வரணும்."

நான் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா ஏறி வந்தாள்.

அம்மா குனியவில்லை. அவளுடைய உயரம் நாலடி பதினொரு அங்குலம். நடுவில் வந்து நேராக நின்றாள். கையை உயர்த்தினாள், உள்ளங்கை கூரையில் பதிந்தது. கூரையில், மூடியோடு ஒரு காற்றாடி உண்டு. அதைத் திறக்கும் திருகு, கூரை தூக்கியிருக்கும் நாட்களில் அவளுக்கு எட்டாது. பதினொரு வருடமாக, "ஹார்லன், அதைக் கொஞ்சம் திற", "ஹார்லன், அதைக் கொஞ்சம் மூடு." இப்போது அவளே திருகினாள். திறந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ம்" என்றாள்.

அந்த 'ம்' எனக்குப் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்கிற நிலையில் அப்பா இல்லை. பாதி உடம்பு இன்னும் உறைக்குள் இருந்தது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. கூரை இறங்கியிருக்கும்போது உள்ளே அடுப்பு பற்றவைக்கக் கூடாது. நெருப்புக்கு மிக அருகில் கூரை. அதனால் அம்மா பன்றித் தொடைக்கறியையும் சீஸையும் ரொட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் இருக்கையில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தோம். அப்பா இதற்குள் நான்கு இடத்தில் இடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதை அவர் சொல்லவில்லை. ஆனால் உப்பை எட்டி எடுப்பதற்கு ஒரு மனிதன் அவ்வளவு நேரம் திட்டமிடமாட்டான்.

கதவில் தட்டும் சத்தம். ரஸ் மாமா. முப்பது அடி தள்ளி அவருடைய மோட்டார் வீடு, வெளியே டிவியில் பேஸ்பால் ஓட, கல்யாண மண்டபம் போல ஜொலித்துக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், பார்சல் இன்னும் பிரிக்கலையா?" என்றபடி ஏறினார். ஆறடி மூன்று அங்குலம். ஏறிய வேகத்தில் கூரை அவரை வரவேற்றது. "அம்மாடி!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தன் தங்கையின் முன்னால் தலை வணங்குகிற பக்தனைப் போல நின்றார்.

"உக்காருண்ணே" என்றாள் அம்மா. கத்தியால் இடத்தைக் காட்டினாள்.

மூன்று நெட்டையர்களும் வரிசையாகத் தலைகுனிந்து உட்கார்ந்தோம். அம்மா ஒருத்திதான் நிமிர்ந்து நின்றாள். தட்டுகளை நீட்டினாள். பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டோம்.

"இங்க பாரு, அரை டிக்கெட்டு" என்றார் மாமா. அம்மாவுக்கு ஆறு வயதானதிலிருந்து அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். "நாளைக்குக் காலைல டென்வர்லேருந்து ஒருத்தன் வண்டி பாக்க வரான். உனக்கு வேணும்னா இப்பவே சொல்லிரு. மூணு பேரும் கிளம்பி அங்க வாங்க. கணப்பு போட்டு வச்சிருக்கேன். கால் நீட்டிப் படுக்கலாம்."

அம்மா ரொட்டியைக் குறுக்கே வெட்டினாள்.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். எழ முயன்றார், பாதியில் நின்றுவிட்டார், இடுப்பில் கையோடு. அது பெருமிதத்தின் கை இல்லை. "போலாம், ட்வைலா" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. "நான் தோத்துட்டேன். என் வீம்புக்கு நீ இதுல கெடந்து கஷ்டப்பட வேணாம். மச்சான், அந்த டென்வர்க்காரன்கிட்ட வண்டி போயிருச்சுன்னு சொல்லிரு."

என் வாழ்நாளில் அப்பா ஒரு அளவைத் திருத்திக்கொண்டு நான் பார்த்தது அன்றுதான். கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று திறந்த வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டேன்.

"யாரு கஷ்டப்படறா?" என்றாள் அம்மா.

மூன்று பேரும் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தோம்.

"எனக்கு இங்க எல்லாம் எட்டுது. அலமாரி எட்டுது, காத்தாடி எட்டுது. காத்து அடிக்குது, ஒரு படபடப்பு உண்டா? வீடுன்னா இது வீடு." அம்மா அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் பாதி வளைந்து நின்றதால் இருவர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தது. "இருபத்தாறு வருஷமா நிமிந்து பாத்தா உன் மூக்கு ஓட்டைதான் தெரியும், ஹார்லன். உன் இடது கண்ணுல ஒரு பழுப்புப் புள்ளி இருக்கு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றார் அப்பா.

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்." பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "டென்வர்க்காரனுக்கே குடுத்துருண்ணே. இன்னொரு விஷயம். இனிமே என்னை அரை டிக்கெட்டுன்னு கூப்பிடறதா இருந்தா இங்க வந்து, நின்னுகிட்டுக் கூப்பிடு."

மாமா நின்று பார்க்க முயன்றார். இரண்டாவது சத்தம் முதல் சத்தத்தைவிடப் பலமாகக் கேட்டது. மழையில் ரோந்து வந்த கோரா வண்டியை நிறுத்தி, "கூரையைத் தூக்கறீங்களா அங்க?" என்று கத்தினார்.

"இல்லீங்க" என்று நான் கதவு வழியாகச் சொன்னேன். "மாமா தூக்கிப் பாத்தாரு. முடியல."

மறுநாள் டென்வர்க்காரர் மாமாவின் வண்டியை வாங்கிக்கொண்டார். எங்கள் இரண்டு நாள் முடிந்ததும், மாமாவின் வண்டி கனவிலும் ஏற முடியாத ஒரு மண் பாதையில் மலையைத் தாண்டி மறுபக்கம் போனோம். ஓடையோரம் ஒரு புல்வெளி. பலகை இல்லை, விசில் இல்லை. அப்பா இறங்கி முதுகை நிமிர்த்தினார்; எலும்புகள் ஒவ்வொன்றாக வருகைப் பதிவு கொடுத்தன. முதல் கொக்கியில் கைவைத்தார்.

"கை எங்க போகுது, ஹார்லன்?"

"கூரையைத் தூக்கறேன். இங்க துணி கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

கோராவோடு நடந்த பேச்சுவார்த்தையைவிட இது நீளமாக நடந்தது. இடையில் எனக்கு ஒரு மீன் கிடைத்தது. கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது: இரட்டைப்படைத் தேதிகளில் கூரை மேலே, ஒற்றைப்படைத் தேதிகளில் கீழே. பாதிக்குப் பாதி, இதைவிட நியாயமாக ஒரு எல்லையைப் பிரிக்க முடியாது என்று அப்பாவே சொல்லிக் கைகுலுக்கினார்.

ஆகஸ்ட் கடைசியில் நான் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். அவர்கள் இருவரும் ஏதோ ஏரிக்கரைக்குக் கிளம்பிப் போனார்கள். முப்பத்தொன்றாம் தேதி மாலை அப்பா போனில் அழைத்தார். குரல் மடங்கி வந்தது.

"வெஸ், ஒரு சந்தேகம். முப்பத்தொண்ணு ஒத்தைப்படை, சரியா?"

"சரிப்பா."

"அதுக்கு அடுத்த நாள் ஒண்ணாந்தேதி. அதுவும் ஒத்தைப்படை."

"ஆமாம்ப்பா."

பின்னணியில் அம்மா பாடிக்கொண்டே காற்றாடியைத் திருகும் சத்தம் கேட்டது.

"வருஷத்துக்கு ஏழு தடவைடா" என்றார் அப்பா.