இரண்டு தெளிந்த தண்ணீர்

வீட்டில் மாமா, ஆபீசில் சார். வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மாவின் தம்பி கறாராகச் சொல்லிவிட்டார். எண்ணெய் வயலுக்கு அவர் மேலாளர். நான் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பவள். பேசினால் பக்கத்து மேசைக்கே கேட்காது. அதனால் எனக்கு 'சைலன்சர்' என்று பெயர்.

'மூத்தவள்' என்று எல்லாரும் கூப்பிடும் முதல் கிணற்றில் எண்ணெய் வரத்து படுத்துவிட்டது. வற்றிவிட்டது, சிமெண்ட் ஊற்றி மூடிவிடலாம் என்றார் மாமா. ஊற்றிவிட்டால் அவ்வளவுதான். லாரி வெளியே நின்றது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடியில் அழுத்தம் குறையவே இல்லை என்றேன். எண்ணெய் இருக்கிறது; வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல உப்பு படிந்து குழாய்தான் அடைத்திருக்கிறது.

"உப்புன்னா ஆசிட்ல கரைஞ்சிருக்கணுமேம்மா," என்றார் மேஸ்திரி. "ஊத்திப் பாத்தாச்சு. அசையல."

சைலன்சர் கழன்றுவிட்டது என்று யாரோ சிரித்தார்கள். கொண்டுவந்த பாட்டில்களை எடுத்தேன். ஒன்றில் மூத்தவளின் அடித்தண்ணீர், வடிகட்டியது. மற்றதில் கடல் தண்ணீர். எண்ணெயைத் தள்ளுவதற்காகப் பக்கத்துக் கிணறு வழியாக நாங்களே உள்ளே விடுவது. இரண்டும் கண்ணாடிபோலத் தெளிவு. மாமாவின் காலி டம்ளரில் இரண்டையும் ஊற்றினேன். பால்போல வெளுத்தது. கூடவே கொண்டுவந்த ஆசிட்டை மேலே விட்டேன். வெள்ளை அப்படியே இருந்தது.

"இது ரெண்டு தண்ணியும் கலந்தா வர்ற பேரியம் உப்பு. ஆசிட்டுக்கு மசியாது. உள்ள கருவிய இறக்கி வெட்டித்தான் எடுக்கணும்."

கடல் தண்ணீர் விடச் சொன்னது யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். மாமாவின் முகம் கடுகடுத்தது.

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"வீட்டுலதான் நீங்க மாமா. கிணத்தப் பத்தி இங்கயே பேசலாம் சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மெல்ல அடியில் படிந்தது.

"சரி, வெட்டிப் பாக்கட்டும். எண்ணெய் வரலேன்னா நீ வேற வேலை தேடிக்கோ."

"தேடிக்கிறேன். வந்துட்டா, கடல் தண்ணிய அப்படியே உள்ள விடுறத நீங்க நிறுத்தணும்."

லாரியைத் திருப்பி அனுப்ப மேஸ்திரி எழுந்து போனார். மேசையைத் துடைக்க வந்த அக்கா டம்ளரில் கை வைத்தார்.

"அது இருக்கட்டும்க்கா," என்றேன். கடைசி நாற்காலிவரை கேட்டது.