பரணியின் வயலில் ஒரு டெமோ

தஞ்சாவூர் டிராக்டர் ஷோரூமில் நானும் பரணிதரனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மேனேஜர் தும்மினால்கூட பரணி "சூப்பர் சார்" என்பான். அவர் காபி ஆறிப்போச்சு என்றால் இவன் வாயில் இருக்கும் காபியும் ஆறிவிடும். "மேனேஜரைக் கைக்குள்ள போட்டுக்கணும், செம்மொழி. அப்பதான் மேல வரலாம்" என்று எனக்குப் புத்தி வேறு சொல்வான்.

வலங்கைமான் பக்கத்து விவசாயிகளுக்குப் புது டிராக்டரை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பரணி தன் அப்பாவின் வயலையே கொடுத்தான். தண்ணீர் விட்டு ஊறிக் கிடந்த களிமண் வயல். அதில் புதையாமலிருக்க இரும்புச் சக்கரம் மாட்டித்தான் வண்டியை இறக்குவார்கள்.

"அதெல்லாம் வேணாம். புது டயர் பளிச்சுன்னு தெரியணும்" என்றார் சென்னைக்கார மேனேஜர்.

"புதைஞ்சிடும் சார்" என்றேன்.

"சூப்பர் ஐடியா சார்" என்றான், அந்தச் சேற்றிலேயே விளையாடி வளர்ந்தவன்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, டிராக்டர் அச்சு வரை இறங்கிவிட்டது. வரப்பில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரணியின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"உங்க வயல்தானே? புதையும்னு உனக்குத் தெரியாதா?" என்று மேனேஜர் கத்தினார்.

"தெரியும் சார்." குனிந்து, அவர் ஷூவில் ஒட்டிய சேற்றைத் தன் கர்சீப்பால் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இனிமே டெமோ எல்லாம் நீயே பாரும்மா. இவனை வண்டி கழுவ விட்டுடு."

குனிந்தவன் நிமிரவில்லை.

"சூப்பர் ஐடியா சார்" என்றான்.