சாயந்தரம் வரை பாட்டு

ஜெயகுமாருக்குப் பார்வை போய் இரண்டு வருடமாகிறது. கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி யசோதினி தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் அவனுக்குத் துணை உள்ளங்கையளவு எம்.பி.3 பிளேயர் ஒன்றுதான். முன்பெல்லாம் நாள் முழுக்கப் பாடும். இப்போது பெட்டரி மத்தியானத்துக்கு முன்பே படுத்துவிடுகிறது. சார்ஜ் வயரைச் செருகும் அந்தச் சின்னத் துளை அவன் விரலுக்குப் பிடிபடாது. அவள் திரும்பும்வரை சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யசோதினி அதை எடுத்துக்கொண்டு லுணுகலையில் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். போன் திருத்தும் கடைக்காரி றஷீனா விஷயத்தைக் கேட்டுவிட்டு, பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குப் புது பெட்டரி இப்ப வாறதில்ல தங்கச்சி. இருக்கிறதப் பக்குவமா வச்சுக்கங்க. இத எங்க வைப்பீங்க?"

"அடுப்புக்கு மேல பலகையில அக்கா. ஈரம் புடிக்கக் கூடாதுன்னு."

"சூடு பெட்டரிக்கு ஆகாது. விடிய விடிய சார்ஜ்ல போடாதீங்க, முழுசா செத்துப் போகவும் விடாதீங்க. சத்தத்தக் கொறைங்க. பட்டன அமத்துற நேரமெல்லாம் லைட்டு வேற பத்துது. அவருக்கு அது எதுக்கு, நிப்பாட்டிரவா?"

"நிப்பாட்டிருங்க அக்கா."

மறுநாள் சாயந்தரம் யசோதினி கூடையை இறக்கும்போது உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் ஜெயகுமார் பாட்டைக் கேட்கிற மாதிரியே தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டான். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாள் அவள் உள்ளே வந்தபோது, அவன் பிளேயரை இடது கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பட்டனை அமத்திக்கொண்டே இருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"வாசல்ல நின்னா வெளுப்பாத் தெரியும், அம்புட்டுதான். நெறம்னு ஒண்ணு தெரிஞ்சது இதுல மட்டுந்தான் யசோ. கிட்ட வச்சு அமத்தினா நீலமா ஒரு பொட்டு. இன்னும் இருக்கான்னு தெனமும் பாத்துக்குவேன். ஒங்கிட்ட சொன்னா நீ ஆச வச்சுருவேன்னு சொல்லல." பிளேயரை மடியில் இறக்கி, "இப்ப அதுவும் போயிருச்சு" என்றான்.

யசோதினி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகலங்க. நாந்தான் அந்த லைட்ட நிப்பாட்டச் சொன்னேன். பெட்டரி நிக்கட்டும்னு."

பிளேயரை வாங்கினாள். எங்கே அமத்துவதென்று தெரியாமல் தடுமாறி, ஒருவழியாக வெளிச்சத்தை வரவழைத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கண்ணருகே கொண்டுபோனான். பட்டனை அமத்தினான்.

"இருக்கு" என்றான்.

அவள் விசும்புவது கேட்டு, கையால் துழாவி அவள் முகத்தைத் துடைத்தான்.

"எதுக்கு அழுவுற?"

"மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தீங்களே."

"நீயும்தான் லைட்டப் பத்திச் சொல்லல." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

லைட்டை அதன்பிறகு யாரும் தொடவில்லை. மற்றதெல்லாம் றஷீனா சொன்னபடியே நடந்தது. பிளேயர் அடுப்பை விட்டு ஜன்னலோரத்துக்கு வந்தது, சத்தமும் குறைந்தது. பெட்டரி சாயந்தரத்தை எட்டாவிட்டாலும் மத்தியானத்தைத் தாண்டி நின்றது. அது ஓய்ந்ததும் ஜெயகுமார் வாசற்படிக்கு வந்து உட்கார்ந்துகொள்வான். மலையிலிருந்து இறங்கும் பெண்களின் பேச்சுக்குள் யசோதினியின் குரல் எதுவென்று காது கொடுத்துக்கொண்டிருப்பான்.